தனியாகக் கிளம்பிய ஆச்சி வந்து சேரவில்லை என்றால்

"ஆச்சிய நாங்கதான் பஸ் ஏத்திவிட்டோம்" என்றுதான் பல புகார்கள் தொடங்குகின்றன. உட்காரவைத்து நிதானமாகக் கேட்டால் விஷயம் வேறாக இருக்கும். பேரன் நெல்லை வேய்ந்தான்குளம் புதுப் பஸ் ஸ்டாண்டு வாசலில் பைக்கில் இறக்கிவிட்டிருப்பான். திருச்செந்தூர் வண்டி உள்ளே நிற்பதைப் பார்த்திருப்பான். ஆச்சி அதைப் பார்த்து நடந்ததையும் பார்த்திருப்பான். ஏறியதை மட்டும் பார்த்திருக்க மாட்டான். வீட்டுக்கு வந்து "ஏத்திவிட்டுட்டேன்" என்று சொன்னதும் அது உறுதியான செய்தியாகிவிடும். அதற்குப் பிறகு எல்லாரும் திருச்செந்தூரில் தேடுவார்கள். ஆச்சி வேய்ந்தான்குளத்தை விட்டே நகராமல் இருந்திருக்கலாம்.

நெல்லை, தென்காசி, தூத்துக்குடிப் பக்கம் வருடக்கணக்காக விடை தெரியாமல் கிடக்கும் இப்படிப்பட்ட வழக்குகளில், கண்ணால் கண்டதும் மனதில் நினைத்துக்கொண்டதும் முதல் இரண்டு நாளிலேயே ஒன்றோடொன்று கலந்துபோயிருக்கும். அதன்பின் அவற்றைப் பிரிக்கவே முடியாது. இது எங்களுடைய உறுதியான கருத்து. அதனால், தேடக் கிளம்பும் முன் ஒரு நாற்பது பக்க நோட்டு வாங்குங்கள். மூன்று பத்தி போடுங்கள். நேரம், இடம், எப்படித் தெரியும். மூன்றாவது பத்தியில் 'பார்த்தது', 'போனில் சொன்னது', 'ஊகம்' என்ற மூன்றில் ஒன்றை மட்டும் எழுத வேண்டும். பார்த்தது என்றால் யார் பார்த்தார்கள் என்ற பெயரோடு. "சேரன்மகாதேவி தாண்டிட்டேன்னு சொன்னா" என்பது போனில் சொன்னது. சேரன்மகாதேவி தாண்டியதற்கு அது சாட்சி ஆகாது. வயதானவர்கள் வீட்டார் கவலைப்படக் கூடாதென்று வராத ஊரையும் வந்துவிட்டதாகச் சொல்வார்கள்.

அந்த நோட்டில் 'பார்த்தது' என்று வரும் கடைசி வரிதான் தேடலின் மையம். அந்த இடத்திலிருந்துதான் வெளியே விரிய வேண்டும், போய்ச் சேரவேண்டிய ஊரிலிருந்து அல்ல.

ரயிலில் வந்தவர் என்றால் எந்த ரயில் என்பதே பாதி விடையைச் சொல்லும். சென்னையிலிருந்து வரும் நெல்லை எக்ஸ்பிரஸ் திருநெல்வேலியோடு முடிகிறது. தூங்கிப்போனாலும் யாராவது எழுப்பி இறக்கிவிடுவார்கள். அனந்தபுரி, குருவாயூர், கன்னியாகுமரி வண்டிகள் அப்படியல்ல. நெல்லையில் இறங்கத் தவறினால் வள்ளியூர், நாகர்கோவில் என்று போய்க்கொண்டே இருக்கும். முதல் இரண்டும் கேரளத்துக்குள் நுழைந்துவிடும். முத்துநகர் எக்ஸ்பிரஸில் தவறி ஏறியிருந்தால் மணியாச்சியிலிருந்து பிரிந்து தூத்துக்குடி போயிருப்பார். முன்பதிவு செய்த டிக்கெட் என்றால், அந்த இருக்கையில் ஆள் வந்ததா வரவில்லையா என்று டிக்கெட் பரிசோதகர் குறித்திருப்பார். பி.என்.ஆர். எண்ணோடு ரயில்வே உதவி எண் 139-இல் முதலில் கேட்கவேண்டிய கேள்வி அதுதான். வராதவர் என்று குறித்திருந்தால், புறப்பட்ட ஊரிலேயே தேடல் தொடங்க வேண்டும். வந்தவர் என்று இருந்தால் எந்த ஸ்டேஷனுக்குப் பிறகு இருக்கை காலியானது என்று எதிர் இருக்கைக்காரர்களிடம் கேட்க வேண்டும். அவர்கள் யார் என்ற விவரம் ரயில்வே போலீசுக்குத்தான் கிடைக்கும். ஆகவே ரயிலில் காணாமல் போனவருக்கு, வீட்டுப் பக்கத்துக் காவல் நிலையத்தோடு நிற்காமல் ஜங்ஷன் ரயில்வே காவல் நிலையத்திலும் (உதவி எண் 1512) எழுதிக் கொடுங்கள். ரயில்வே பாதுகாப்புப் படை வேறு, தமிழ்நாடு ரயில்வே போலீஸ் வேறு. கேமராவையும் பிளாட்பாரத்தையும் பார்த்துக்கொள்வது முதலாவது; வழக்குப் பதிவது இரண்டாவது. ஒரே இடத்தில் சொன்னால் இருவருக்கும் போய்விடும் என்று நம்பக் கூடாது.

பஸ் இன்னும் சிக்கல். சாதாரணக் கட்டண டவுன் பஸ்ஸில் பெண்களுக்கு 2021 மே முதல் டிக்கெட் காசு இல்லை. அதனால் ஏறுவதும் இறங்குவதும் மாறி ஏறுவதும் எளிது, யாருக்கும் ஞாபகத்தில் நிற்பதும் இல்லை. கண்டக்டரைப் பிடிக்க வேண்டும் என்றால் டெப்போவுக்குப் போய்க் கிளை மேலாளரிடம் அந்த நாள், அந்த நேரம், அந்தத் தடம் சொல்லிக் கேளுங்கள். எந்த டிரிப்பில் எந்த டிரைவர், கண்டக்டர் என்பது டெப்போ பதிவில் இருக்கும். மறுநாள் அதே பஸ்ஸில் போய்க் கேட்பதில் பயன் குறைவு. டியூட்டி மாறி வேறு ஆள் வந்திருப்பார். அவர் மரியாதைக்கு "பாத்த மாதிரி இருக்கு" என்பார், அது உங்கள் நோட்டில் ஏறி உட்கார்ந்துகொள்ளும்.

இனிமேல் யாரையாவது தனியாக அனுப்புகிறவர்கள், இருக்கையில் உட்கார்ந்த பின் பஸ்ஸின் முன்பக்கத்தை நம்பர் பிளேட் தெரிய ஒரு போட்டோ எடுத்துக்கொள்ளுங்கள். நேரமும் வண்டியும் அதிலேயே பதிந்துவிடும். ஜன்னல் வழியாக ஆச்சியையும் ஒரு போட்டோ. அன்று என்ன சேலை, என்ன பை, எந்தச் செருப்பு என்பதை அது சொல்லும். இந்த மூன்றையும் பிறகு நினைவிலிருந்து சொல்லும்போது வீட்டில் நான்கு பேர் நான்கு நிறம் சொல்வார்கள். போன் எண்ணைச் சுருக்குப்பையில் சீட்டாக வைப்பதைவிட, துணியில் தைத்து உள்பாவாடை நாடாப் பட்டையில் வைத்துத் தைப்பது நல்லது. பை திருடு போகும், சீட்டு நனையும். இரண்டு எண்கள் வேண்டும். ஒன்று வெளியூரில் இருப்பவருடையதாக இருக்கட்டும்.

புகார் கொடுப்பதற்கு வருவோம். 24 மணி நேரம் கழித்து வாருங்கள் என்று எந்தச் சட்டமும் சொல்லவில்லை. இது எந்த ஸ்டேஷன் எல்லை என்பதுதான் அடுத்து வரும் இழுபறி. பாளை, டவுன், ஜங்ஷன், மேலப்பாளையம், பேட்டை எல்லாம் மாநகரக் காவல் ஆணையரின் கீழ். சுத்தமல்லி, சேரன்மகாதேவி, அம்பாசமுத்திரம் எல்லாம் மாவட்ட எஸ்.பி.யின் கீழ். செய்துங்கநல்லூர் வந்தாலே தூத்துக்குடி மாவட்டம். பாவூர்சத்திரம் 2019-இலிருந்து தென்காசி மாவட்டம். ஒரு மணி நேரப் பயணத்தில் மூன்று மாவட்டம் மாறுகிற பூமி இது. எல்லை பார்க்காமல் புகாரை வாங்கிப் பதிந்து உரிய நிலையத்துக்கு மாற்றுகிற ஜீரோ எப்.ஐ.ஆர். முறை, 2024 ஜூலை 1 முதல் நடைமுறையில் இருக்கும் பாரதிய நாகரிக் சுரக்ஷா சன்ஹிதா என்ற புதிய குற்றவியல் நடைமுறைச் சட்டத்தின் 173-ஆவது பிரிவில் இருக்கிறது. பிரிவு எண்ணைச் சொல்லி மரியாதையாகக் கேளுங்கள். ஏற்க மறுத்தால் அதே மனுவைப் பதிவுத் தபாலில் எஸ்.பி.க்கோ ஆணையருக்கோ அனுப்புங்கள். அதற்கும் அதே பிரிவில் வழி இருக்கிறது.

சி.எஸ்.ஆர். ரசீது கையில் கிடைத்ததும் திருப்தியாகி வீட்டுக்கு வந்துவிடாதீர்கள். மனு வந்தது என்பதற்கான ஒப்புகை மட்டுமே அது. 'பெண் காணவில்லை' என்று முதல் தகவல் அறிக்கை போட்டு குற்ற எண் விழுந்தால்தான் மற்ற மாவட்டங்களுக்கும் செய்தி முறையாகப் போகும், போன் விவரம் கேட்கவும் முடியும். அதன் நகல் புகார்தாரருக்கு இலவசம்.

புகாரில் என்ன எழுத வேண்டும் என்பதில் பலர் தவறுகிறார்கள். "மாநிறம், நடுத்தர உயரம், சேலை கட்டியிருந்தார்" என்பது நம் ஊரில் பாதி ஆச்சிகளுக்குப் பொருந்தும். தண்டட்டி போட்டுத் தொங்கிய காதா, தைத்த காதா? மூக்குத்தி ஒரு பக்கமா இரு பக்கமா? பச்சை குத்தியது எந்தக் கையில், என்ன வடிவம்? பல் எத்தனை இல்லை, பல்செட் உண்டா? கண்புரை ஆபரேஷன் எந்தக் கண்ணில்? இந்தக் கடைசிக் கேள்வி முக்கியம். கண்ணில் வைத்த லென்ஸின் எண் ஒட்டிய அட்டையைக் கண் ஆஸ்பத்திரியில் கொடுத்திருப்பார்கள். மூட்டு மாற்று ஆபரேஷன் செய்திருந்தால் அந்த உலோகப் பாகத்துக்கும் எண் உண்டு. பத்து வருடம் கழித்தும் அழியாத அடையாளங்கள் இவை. உயரம் தெரியவில்லை என்றால் அவர் சாய்ந்து நிற்கிற தூணையோ நிலைப்படியையோ வைத்து எடுத்த பழைய போட்டோவைத் தேடுங்கள். நிலைப்படியை அளந்தால் உயரம் கிடைக்கும். அவர் தலை வாரிய சீப்பையும் துவைக்காத ஒரு துணியையும் காகித உறைகளில் தனித்தனியாகப் போட்டு வையுங்கள். பாலித்தீன் பை வேண்டாம், ஈரம் கோத்துப் பூஞ்சை பிடித்துவிடும்.

போனில்தான் வீட்டார் அதிகம் கெடுக்கிறார்கள், நல்ல எண்ணத்தோடேயே. மகன், மகள், மருமகன் என்று ஆளாளுக்கு மாற்றி மாற்றி அடித்து ஆச்சியின் பட்டன் போன் பேட்டரியைத் தீர்த்துவிடுவார்கள். ஒருவர் மட்டும், அரை மணிக்கு ஒரு முறை அடித்தால் போதும். இரண்டாவது தவறு இன்னும் பெரியது. அவர் யாரிடம் பேசினார் என்று பார்க்கலாம் என்று அதே எண்ணுக்கு டூப்ளிகேட் சிம் வாங்குவார்கள். புது சிம் உயிர்பெற்ற நிமிடமே ஆச்சியிடம் இருக்கிற சிம் செத்துவிடும். அவர் போனை யாராவது எடுத்து உயிர்ப்பித்தாலும் அழைக்க முடியாது. அதே காரணத்தால், விசாரணை அதிகாரியைக் கேட்காமல் போன் தொலைந்ததாகப் பதிந்து முடக்கவும் வேண்டாம். செய்யவேண்டியது ரீசார்ஜ். வேலிடிட்டி தீர்ந்தால் உள்ளே வருகிற அழைப்பும் நின்றுபோகும். அப்படியே விட்டால் சில மாதத்தில் எண் வேறொருவருக்குப் போய்விடும். முடிந்தால் ஒரு வருடத் திட்டமாகப் போட்டுவிடுங்கள்.

எந்த டவரில் கடைசியாக நின்றது, யார் யாருக்குப் பேசினார் என்பதை எஸ்.பி. நிலை அதிகாரி அல்லது அவருக்கு மேலே உள்ளவர் கேட்டால்தான் கம்பெனி கொடுக்கும். பணம் கொடுத்தால் எடுத்துத் தருகிறோம் என்பவர்களிடம் போகாதீர்கள், அது குற்றம். டவர் என்பது வீட்டு விலாசம் அல்ல என்பதையும் புரிந்துகொள்ள வேண்டும். டவுனில் ஒரு டவர் சில நூறு மீட்டர் காட்டும். நாங்குநேரி, திசையன்விளைப் பக்கம் வெட்டவெளியில் பல கிலோமீட்டர் காட்டும். மலையடிவாரத்தில் பக்கத்து டவர் மறைந்து தூரத்து டவர் பிடிப்பதும் உண்டு. பாபநாசம் டவர் காட்டியது என்பதற்காகக் காரையாறு வரை ஆள்விட்டுத் தேடி முதல் நாளைத் தொலைக்காதீர்கள்.

கேமராவுக்கு நேரம் மிகக் குறைவு. கடைகளில் வழக்கமாக நான்கு கேமராவும் ஒரு டெராபைட் ஹார்டு டிஸ்கும் இருக்கும். இரண்டு மெகாபிக்சல் கேமரா நொடிக்கு 4 மெகாபிட் எழுதினால் ஒரு நாளைக்கு ஏறக்குறைய 43 ஜிபி. நான்குக்கும் 170-க்கு மேல். ஆறு நாளில் டிஸ்க் நிறைந்து பழையதை அழித்து மேலே எழுதத் தொடங்கும். காட்சியை இன்னும் சுருக்கிப் பதிகிற புது வகைப் பெட்டி என்றால் பன்னிரண்டு நாள் வரை தாங்கும். போலீஸ் வரும்வரை காத்திருந்தால் பதிவு போய்விடும். அதனால் அன்றே கடை கடையாகப் போய், "தயவுசெய்து இந்த நேரத்தை மட்டும் பென் டிரைவில் எடுத்துவையுங்கள்" என்று கேளுங்கள். பார்க்கக்கூட வேண்டாம், முதலில் எடுத்து வைக்கச் சொல்லுங்கள். எடுக்கும்போது திரையில் ஓடும் கேமரா நேரத்தையும் உங்கள் போன் நேரத்தையும் ஒரே போட்டோவில் பிடியுங்கள். கடைக் கேமராக்களின் கடிகாரம் பத்து நிமிடம், சில இடங்களில் பல மணி நேரம் தப்பாக ஓடும். அந்த வித்தியாசம் தெரியாமல் பார்த்துவிட்டு "அந்த நேரத்துல இங்க வரலை" என்று முடிவு கட்டியதால் திசை மாறிய தேடல்கள் உண்டு. பின்னால் கோர்ட்டுக்குப் போகும் என்றால் பாரதிய சாக்ஷிய அதிநியம் என்ற புதிய சாட்சியச் சட்டத்தின் 63-ஆவது பிரிவுப்படி சான்று வேண்டும். அதைப் போலீஸ் வாங்கிக்கொள்ளும். அதற்காகப் பெட்டியைப் பிரித்து எதையும் அழிக்காதபடி கடைக்காரரிடம் சொல்லிவையுங்கள்.

மனிதர்களிடம் கேட்பதற்கும் ஒரு முறை இருக்கிறது. போட்டோவை நீட்டி "இவங்களப் பாத்தீங்களா?" என்று கேட்டால் நல்ல மனதுள்ளவர்கள் எல்லாரும் பார்த்ததாகத்தான் சொல்வார்கள். அழுதுகொண்டு நிற்பவரிடம் இல்லை என்று சொல்ல யாருக்கும் மனம் வராது. முதலில் போட்டோவைக் காட்டாமல் கேளுங்கள். "செவ்வாக்கிழம சாயங்காலம் தனியா ஒரு பெரியம்மா இங்க நின்னாங்களா? என்ன கலர் சேலை? கையில என்ன வச்சிருந்தாங்க? எந்தப் பக்கம் போனாங்க?" அவர்களே சொன்னதை எழுதிக்கொண்டு, கடைசியாகப் போட்டோ. சேலை நிறம் பொருந்தாமல் முகம் மட்டும் பொருந்தினால் அந்த வரிக்குப் பக்கத்தில் கேள்விக்குறி போடுங்கள். கேட்கப் போகிற நேரமும் முக்கியம். காணாமல் போன அதே மணிக்கு மறுநாளும், அடுத்த வாரம் அதே கிழமையிலும் அங்கே போய் நில்லுங்கள். பூ விற்கிறவர், ஆட்டோ ஸ்டாண்டுக்காரர், டியூஷனுக்குப் போகிற பிள்ளைகள், வாரச்சந்தைக்கு வருகிறவர்கள் எல்லாரும் அந்த மணியில்தான் அங்கே இருப்பார்கள்.

ஏன் வழி தவறுகிறார்கள் என்று தெரிந்தால் எங்கே தேடுவது என்பதும் தெரியும். மறதி நோய் ஒரு காரணம், ஆனால் அது மட்டுமல்ல. சர்க்கரைக்குக் கிளிமிபிரைடு, கிளிபென்கிளமைடு மாதிரி மாத்திரை போடுகிறவர், கோயிலுக்குப் போகிறோம் என்று விரதமிருந்து மாத்திரையை மட்டும் விழுங்கியிருப்பார். சஷ்டி விரதக் காலத்தில் இது அடிக்கடி நடக்கிறது. மதியத்துக்குள் சர்க்கரை இறங்கி, வியர்த்து, குழறி, எங்கே போகிறோம் என்று தெரியாமல் நடப்பார். பார்க்கிறவர்கள் குடித்திருக்கிறார் என்றோ பித்து என்றோ ஒதுங்கிப் போவார்கள். பிரஷருக்காக நீர் பிரிய மாத்திரை சாப்பிடுகிறவருக்கு வெயிலில் உப்புச்சத்து இறங்கினாலும், சிறுநீர்த் தொற்றில் காய்ச்சல் வந்தாலும் இதே குழப்பம் வரும். நேற்றுவரை கணக்கு வழக்கெல்லாம் பார்த்தவருக்குக்கூட. "எங்க அம்மாவுக்கு மறதியே கிடையாது" என்று சொல்லி இந்தச் சாத்தியத்தைத் தள்ளிவிடக் கூடாது. மாத்திரைச் சீட்டின் நகலைப் புகாரோடு இணையுங்கள்.

இப்படிக் குழம்பியவர்கள் ஆஸ்பத்திரியில் பெயர் தெரியாதவராகப் படுத்திருப்பார்கள். நெல்லை ஹைகிரவுண்டு அரசு ஆஸ்பத்திரியில் பெயர் சொல்லிக் கேட்டால் அப்படி யாரும் இல்லை என்ற பதில்தான் வரும். "பெயர் தெரியாத, 60-லிருந்து 80 வயதுப் பெண், இந்தத் தேதிக்குப் பிறகு 108-இல் வந்தவர்" என்று கேளுங்கள். அவசரப் பிரிவின் விபத்துப் பதிவேடு, பெண்கள் பொது வார்டு, தீவிர சிகிச்சை, பிணவறை ஆகிய நான்கையும் தனித்தனியாகக் கேட்க வேண்டும். ஒன்றில் உள்ள விவரம் மற்றதற்குத் தெரியாது. அதேபோல் தூத்துக்குடி, தென்காசி, நாகர்கோவில் ஆசாரிப்பள்ளம், மதுரை அரசு ஆஸ்பத்திரிகளிலும். நேரில் போக முடியாத ஊருக்கு அங்குள்ள சொந்தக்காரரை அனுப்புங்கள். போனில் கிடைக்கிற 'இல்லை'யை நம்பாதீர்கள்.

கடைசியாகப் பார்த்த இடத்திலிருந்து ஒன்றிரண்டு கிலோமீட்டர் சுற்றளவைப் பகல் வெளிச்சத்தில், அந்த ஊர்க்காரர்களோடு சேர்ந்து ஒவ்வொரு அடியாகப் பார்க்க வேண்டும். மறதியுள்ளவர்கள் பாதை முடிகிற இடத்திலும் நிற்காமல் முட்புதருக்குள்ளேயே நடந்து சிக்கிக்கொள்வார்கள். பெயர் சொல்லிக் கூப்பிட்டாலும் பதில் கொடுக்க மாட்டார்கள். வாழைத் தோட்டம், உடைமரக் காடு, பாழடைந்த மண்டபம், கைப்பிடிச் சுவர் இல்லாத கிணறு எதையும் விடக் கூடாது. கிணற்றுக்குத் தீயணைப்புத் துறையை அழையுங்கள், நீங்களாக இறங்க வேண்டாம். பிறந்த ஊர், முன்பு குடியிருந்த தெரு, பிள்ளைகளைப் பெற்ற ஆஸ்பத்திரி என்று பழைய இடங்களைத் தேடிப் போவதும் உண்டு. இருபது வருடத்துக்கு முந்தைய விலாசங்களையும் எழுதிப் பாருங்கள்.

ஆறு நம் ஊரில் தனிக் கணக்கு. படித்துறையில் செருப்பும் பையும் கிடந்தால் மட்டுமே ஆறு என்று நினைக்கிறோம். ஆனால் கன்னடியன், கோடகன், பாளையங்கால் கால்வாய்கள் எல்லாம் தண்ணீர் விட்டிருக்கிற மாதங்களில் வீட்டு வாசலில் ஓடுகிற ஆறுகள்தான். நம் வெயிலுக்கு நீரில் மூழ்கிய உடல் இரண்டு மூன்று நாளில் மேலே வரும். வந்தாலும் விழுந்த இடத்தில் இருக்காது. தாமிரபரணியில் கோடைமேலழகியான் தொடங்கி நதியுண்ணி, கன்னடியன், அரியநாயகிபுரம், பழவூர், சுத்தமல்லி, மருதூர், ஸ்ரீவைகுண்டம் வரை எட்டு அணைக்கட்டுகள். ஒதுங்குவது அங்கேயும் அமலைச் செடி (ஆகாயத்தாமரை) அடைத்த மடைகளிலும்தான். அம்பையில் காணாமல் போனவர் தூத்துக்குடி மாவட்டத்து எல்லையில் அடையாளம் தெரியாதவராகப் பதிவாகலாம். அப்படிப்பட்ட ஒவ்வொரு உடலுக்கும் நாகரிக் சுரக்ஷா சன்ஹிதாவின் 194-ஆவது பிரிவில் தனி வழக்கு, போட்டோ, உடுப்பு, பொருள்கள் உண்டு. சில நாள் வைத்திருந்து போலீசாரே அடக்கம் செய்துவிடுவார்கள். ஆகவே ஆற்றங்கரை நிலையங்கள் எல்லாவற்றுக்கும் உங்கள் குற்ற எண்ணோடு, உடலில் உள்ள அடையாளங்களோடு எழுத்தில் கொடுங்கள். கேட்கச் சங்கடமாகத்தான் இருக்கும், ஆனாலும் கேட்க வேண்டும்.

2023 டிசம்பர் 17, 18 வெள்ளம் மாதிரி நாள் என்றால் எல்லாக் கணக்கும் மாறும். ஸ்ரீவைகுண்டத்தில் செந்தூர் எக்ஸ்பிரஸ் சுமார் 800 பயணிகளோடு நின்றுபோனது. பல ஊர்களில் போனும் கரண்டும் இல்லை. அப்போது முகாம்களில் எழுதிவைத்த பெயர்ப் பட்டியல்தான் ஒரே தடயம். தண்ணீர் வடிந்ததும் அந்தத் தாள்களும் காணாமல் போகும். தாசில்தார் அலுவலகத்தில் உடனே கேட்டு நகல் எடுத்துக்கொள்ளுங்கள்.

உயிரோடு, ஆனால் யாரென்று சொல்லத் தெரியாமல் இருப்பவர்களைத் தேடுவதில்தான் நம்பிக்கை அதிகம். இதில் மலைக்கு மேற்கேயும் பார்க்க வேண்டும். செங்கோட்டை வழியாகப் புனலூர், கொல்லம். நாகர்கோவில் வழியாகத் திருவனந்தபுரம். இரண்டு வழியும் ஒரே இரவுப் பயணம். அங்கே மலையாளிகள் நடுவில் தமிழ் மட்டும் பேசுகிற ஒரு அம்மா தன் ஊரை "மேலூர்", "கீழூர்" என்று சொன்னால் அவர்களுக்கு என்ன தெரியும்? 2017 மனநலப் பராமரிப்புச் சட்டத்தின் 100-ஆவது பிரிவுப்படி, மனநோயோடு ஆதரவற்று அலைகிறவரைக் கண்டால் போலீஸ் அரசு மருத்துவமனையில் சேர்த்து, காணாமல் போனவர் என்று எப்.ஐ.ஆர். பதிய வேண்டும். ஆக இரண்டு முனையிலும் ஒரு வழக்கு இருக்கலாம். உங்கள் ஊரில் 'காணவில்லை', அங்கே 'கண்டெடுக்கப்பட்டார்'. இரண்டும் சந்திக்காமலே வருடங்கள் ஓடும். திருவனந்தபுரம் பேரூர்க்கடை, சென்னை கீழ்ப்பாக்கம் மனநல மருத்துவமனைகளுக்கும், கேரள எல்லை மாவட்டக் காவல் அலுவலகங்களுக்கும், ஏர்வாடித் தர்கா வட்டாரத்துக்கும் மலையாளத்திலும் தமிழிலும் ஒரு பக்கக் குறிப்பும் போட்டோவும் அனுப்புங்கள். பெயர் தெரியாதவருக்கு ஆதார் எடுக்கப் போன இடத்தில், ஏற்கெனவே பதிவான ரேகை என்று திரும்பி வந்ததால் குடும்பத்தோடு சேர்ந்தவர்கள் உண்டு. காப்பகங்களில் இதைக் கேட்டுச் செய்யவையுங்கள். ஆதார் ஆணையத்திடம் நேரடியாகக் கைரேகை விவரம் கேட்டால் கிடைக்காது. முதியோர் உதவி எண் 14567-லும் தகவல் கொடுத்துவையுங்கள்.

நோட்டீஸில் கல்யாண வீட்டுப் போட்டோ போடாதீர்கள். நகையும் பூவும் பட்டும் இல்லாமல், வீட்டுச் சேலையில் இருக்கிற, தற்போதைய முழு உருவப் படம்தான் வேண்டும். தேதியை வருடத்தோடு போடுங்கள். வாட்சப்பில் சுற்றுகிற அறிவிப்புகள் ஆள் கிடைத்து மூன்று வருடம் ஆன பிறகும் சுற்றுகின்றன. வருடம் இல்லாததால் புதிய அறிவிப்பையும் மக்கள் பழையதென்று தள்ளுகிறார்கள். தொடர்புக்கு ஒரு தனி சிம் வாங்குங்கள். போலீஸ் புகாரில் எழுதிய அடையாளங்களில் ஒன்றை மட்டும் நோட்டீஸ் எதிலும் எழுதாமல் வைத்துக்கொள்ளுங்கள்; இடது கையில் உள்ள தேள் பச்சை மாதிரி ஒன்று. ஏனென்றால் போன் வரும். "உங்க அம்மா எங்ககிட்டதான் இருக்காங்க, ஆஸ்பத்திரி செலவுக்குப் பத்தாயிரம் போடுங்க" என்பார்கள். இடது கையில் என்ன இருக்கிறது என்று கேளுங்கள், உண்மையா பொய்யா தெரிந்துவிடும். பணம் அனுப்பும் முன் வீடியோவில் முகம் பார்க்க வேண்டும்.

குறி கேட்பதும் மை போட்டுப் பார்ப்பதும் நடக்கும். கும்பிடுவது மன ஆறுதல், அதில் குறை சொல்ல ஒன்றுமில்லை. ஆனால் "மேக்க தண்ணி இருக்கிற இடத்துல இருக்கா" என்ற வாக்கைக் கேட்டு நான்கு ஆண்களும் குற்றாலத்துக்கு வண்டி எடுத்துக்கொண்டு போன நாளில்தான் பஸ் ஸ்டாண்டுக் கேமரா அழிந்துபோகும். வீட்டில் ஒருவர் கோயிலுக்குப் போகட்டும். மற்றவர்கள் நோட்டைப் பார்த்து வேலை செய்யுங்கள்.

போலீஸ் வீட்டாரைச் சந்தேகப்படுவது போலக் கேள்வி கேட்கும்போது கோபப்படாதீர்கள். நிலம், நகை, மருமகளோடு சண்டை எல்லாம் கேட்பார்கள், கேட்கத்தான் வேண்டும். சண்டை நடந்திருந்தால் மறைக்காமல் சொல்லுங்கள். கோபித்துக்கொண்டு போனவரைத் தேடும் இடமும் வழி தவறியவரைத் தேடும் இடமும் வேறு வேறு. அவர் பெயரில் நிலம் இருந்தால், சர்வே எண் போட்டு வில்லங்கச் சான்றை ஆன்லைனில் இப்போதும், பிறகு ஆறு மாதத்துக்கு ஒரு முறையும் பாருங்கள். காணாமல் போன தேதிக்குப் பிறகு ஒரு பத்திரம் பதிவாகியிருந்தால் அதைவிடப் பெரிய துப்பு இல்லை. வங்கிப் பாஸ்புக், முதியோர் உதவித்தொகை, ரேஷன் கைரேகை ஆகியவற்றையும் அப்படியே பாருங்கள். நகையின் எடையும் மாடலும் தெரிகிற போட்டோவை, தெரிந்த அடகுக் கடைகளில் போலீஸ் மூலமாகக் கொடுத்துவையுங்கள். நகைக்காக நடக்கும் குற்றங்களில் நகைதான் முதலில் வெளியே வரும்.

மாதங்கள் ஓடியபின், அடைத்து வைத்திருப்பார்களோ என்ற சந்தேகத்துக்கு ஆதாரம் இருந்தால் மதுரை உயர்நீதிமன்றக் கிளையில் ஆட்கொணர்வு மனு போடலாம். வெறுமனே கிடைக்கவில்லை என்பதற்காகப் போட்டால், விசாரணையைத் தொடரச் சொல்லி முடித்துவிட வாய்ப்பு அதிகம். 'கண்டுபிடிக்க முடியவில்லை' என்று வழக்கை முடிக்கும்போது நோட்டீஸ் வரும். அதில் கையெழுத்திடும் முன், எந்தக் கேமரா பார்த்தார்கள், எந்த டவர் விவரம் வாங்கினார்கள், எந்தெந்த அடையாளம் தெரியாத உடல்களோடு ஒப்பிட்டார்கள் என்று எழுத்தில் கேளுங்கள். பிள்ளைகளின் ரத்த மாதிரியை மரபணு ஒப்பீட்டுக்கு எடுத்துவைக்கச் சொல்லியும் மனு கொடுங்கள். கூடப் பிறந்தவர்களும் கொடுப்பது கூடுதல் பயன், தாய்வழி மரபணு ஆண் பெண் வித்தியாசமில்லாமல் பிள்ளைகளிடமும் கூடப் பிறந்தவர்களிடமும் அப்படியே இருப்பதால்.

ஏழு வருடம் எந்தத் தகவலும் இல்லை என்றால் பாரதிய சாக்ஷிய அதிநியத்தின் 111-ஆவது பிரிவை வைத்து, இறந்தவராகக் கருதச் சொல்லிச் சிவில் கோர்ட்டில் கேட்கலாம். பட்டா மாற்றம், வங்கிப் பணம், வாரிசுச் சான்று எல்லாம் அதன் பிறகுதான் நகரும். அந்தக் கணக்கு காணாமல் போன நாளிலிருந்து தொடங்குவதால், முதல் நாள் எப்.ஐ.ஆர். இல்லாத குடும்பங்கள் இங்கே மாட்டிக்கொள்கின்றன. சி.எஸ்.ஆர். மட்டும் வைத்திருப்பவர்கள் அந்தத் தேதியை நிரூபிக்கத் தனியாகச் சாட்சி தேட வேண்டியிருக்கும். கோர்ட்டு உத்தரவு சொத்துக்காக வாங்குவது. அதை வாங்கினால் தேடுவதை விட்டுவிட்டதாக அர்த்தமில்லை என்று அண்ணன் தம்பிகளுக்குள் முதலிலேயே பேசிக்கொள்ளுங்கள். பல வீடுகளில் இதிலேயே பிளவு வந்துவிடுகிறது.

இன்ஸ்பெக்டர் மாறும்போதெல்லாம் புதியவரிடம் குற்ற எண், போட்டோ, அடையாளம், நோட்டின் கடைசி 'பார்த்தது' வரி ஆகிய நான்கையும் ஒரே தாளில் கொடுத்துவிட்டு வாருங்கள். வீடு மாறினாலோ போன் எண் மாறினாலோ காவல் நிலையத்துக்கும் தகவல் கொடுத்திருந்த ஒவ்வொரு ஆஸ்பத்திரிக்கும் காப்பகத்துக்கும் பதிவுத் தபாலில் தெரிவியுங்கள். வெளியூரிலிருந்து ஒரு அழைப்பு வருவதானால் கோப்பில் இருக்கிற எண்ணுக்குத்தான் வரும்.